விறகுக்கட்டும் வட்டியில்லாக் கடனும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. ஜோக் எழுதவும் தெரியாது. என்னத்தை எழுதுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொம்மை ஞாபகத்துக்கு வந்தது.

போன வருஷம் ஐ.வி.க்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனிக்குப் போனோம் அல்லவா? எல்லாரும் ரோபோ கை வெல்டிங் பண்ணுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் ஆபீஸ் ரூம் மேஜையில் இருந்த ஒரு சாண் உயரப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்னப் பையன். முதுகில் விறகுக்கட்டு. கையில் விரித்த புத்தகம். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து, படித்துக்கொண்டே நடக்கிறான். எங்கம்மா வேலிகாத்தான் விறகு வெட்டித் தலையில் கட்டாகத் தூக்கி வருவது அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. யார் சார் இந்தப் பையன் என்று சுற்றிக்காட்டிய இன்ஜினியரிடம் கேட்டேன். ஜப்பானில் நிறைய பள்ளிக்கூடங்களில் இந்தச் சிலை இருக்கும், பெயர் நினோமியா, சிக்கனத்துக்குப் பேர் போனவர் என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்கு அழைத்துப் போய்விட்டார்.

சிக்கனம் என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சேமிக்கணும், சிக்கனமா இருக்கணும் என்று எங்கள் வீட்டுக்குச் சொல்லாத ஆளே கிடையாது. எங்கள் வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். இருட்டோடு எழுந்து வேன் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில்தான் என் ஃபீஸும் டிராயிங் ஷீட்டும் வருகின்றன. அது பத்தாத மாதம் தண்டல்காரரிடம் அம்மா கை நீட்டுகிறாள். இதில் எந்தப் பக்கம் சிக்கனம் பண்ணுவது? இந்த எரிச்சலோடுதான் அந்த நினோமியாவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது அந்த இன்ஜினியர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளம் கொண்டுபோன வயல்

நினோமியா கின்ஜிரோ 1787-ஆம் ஆண்டு பிறந்தார். ஊர் கயாமா. இன்றைக்கு ஒடவாரா நகரத்துக்குள் இருக்கிறது, டோக்கியோவுக்குத் தென்மேற்கே. அப்போது ஜப்பானை ஷோகன் என்ற படைத்தலைவர் ஆண்டார். அவருக்குக் கீழே ஊர் ஊருக்கு ஒரு பிரபு. உழவர்கள் நெல்லாகவே வரி கட்ட வேண்டும்.

கின்ஜிரோவின் தாத்தா கஷ்டப்பட்டு நிலம் சேர்த்தவர். அப்பா இளகிய மனசுக்காரர். யார் கேட்டாலும் கொடுப்பார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டார். 1791-இல் சகாவா ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. இவர்கள் வயல் முழுவதும் மணலும் கல்லும் மூடிவிட்டது. மண்ணை எடுத்து வயலைத் திருத்தக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். நமக்குத் தெரியாத கதையா இது!

அப்பா நோயில் படுத்தார். வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாமல் கொஞ்சம் நிலத்தை விற்று இரண்டு ரியோ பொன் கொண்டுபோனாராம். ரியோ என்பது அந்தக் காலத்துத் தங்க நாணயம். நிலத்தை விற்ற காசு என்று தெரிந்ததும் வைத்தியர் வாங்க மறுத்துவிட்டார். அப்பாவும் விடவில்லை. வறுமையில் நிலம் போகலாம், பட்ட கடன் நிற்கக்கூடாது என்றார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. மீதி ஒரு ரியோவோடு அப்பா திரும்பி வந்தபோது வாசலிலேயே காத்திருந்த கின்ஜிரோ, நடந்ததைக் கேட்டுக் குதித்தானாம்.

ஆற்றங்கரையைப் பலப்படுத்த வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும் என்பது ஊர்க் கட்டாயம். அப்பாவுக்குப் பதில் பன்னிரண்டு வயசுப் பையன் போனான். பெரியவர்கள் அளவுக்குக் கல் தூக்க முடியவில்லை. அது அவனை உறுத்தியது. ராத்திரி உட்கார்ந்து வைக்கோலில் செருப்புப் பின்னி, காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், பிய்ந்த செருப்போடு வருகிறவர்களுக்குக் கொடுத்தான். உடம்பால் கொடுக்க முடியாத பாக்கியைக் கைவேலையால் தீர்த்தான்.

1800-இல் அப்பா இறந்தார். அம்மா, மூன்று ஆண் பிள்ளைகள். கடைசித் தம்பி தோமிஜிரோ கைக்குழந்தை. எல்லாருக்கும் கஞ்சி ஊற்ற வழியில்லாமல் அம்மா கைக்குழந்தையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஆனால் ராத்திரியில் பால் கட்டிக்கொண்டு வலி; தூக்கம் இல்லை; அழுகை. கின்ஜிரோ அதைப் பார்த்துவிட்டு, ஒரு குழந்தையால் நம் செலவு என்ன பெரிதாகக் கூடிவிடும், நான் விடியுமுன் மலைக்குப் போய் விறகு வெட்டி விற்கிறேன், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றான். அந்த ராத்திரியே அம்மா போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நண்பர்களே, அந்தச் சிலையின் முதுகில் இருக்கிற விறகு இதுதான். எனக்கு இதைப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அது ஒரு கைக்குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வெட்டிய விறகு. கையில் இருக்கிற புத்தகம் சீனத்துப் பழைய நூலான மகா கல்வி என்று சொல்வார்கள். விறகுக்குப் போகும்போதும் வரும்போதும் சத்தம் போட்டுப் படிப்பானாம்.

விளக்கெண்ணெய்ச் சண்டை

1802-இல் அம்மாவும் போய்விட்டாள். அதே வருஷம் ஆறு மறுபடியும் வந்து, மிச்சமிருந்த வயலையும் அடித்துக்கொண்டு போனது. தம்பிகள் இரண்டு பேரும் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு. கின்ஜிரோ அப்பா வழி உறவான மன்பே வீட்டுக்கு. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. வீடுதான் இல்லாமல் போனது.

மன்பே பெரியப்பா கொடுமைக்காரர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனுஷர். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி பையன் விளக்கேற்றிப் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உன்னை வைத்துச் சோறு போடுகிறேன், எண்ணெயும் நானே ஊற்றணுமா என்று சத்தம் போட்டார். பையன் எதிர்த்துப் பேசவில்லை. கடுகு இனத்தைச் சேர்ந்த ஓர் எண்ணெய் விதையைத் தெரிந்தவரிடம் ஒரு கைப்பிடி கடனாக வாங்கினான். யாருக்கும் உபயோகமில்லாத ஆற்றங்கரையில் விதைத்தான். விளைந்ததைச் செக்குக்காரரிடம் கொடுத்து விளக்கெண்ணெய் வாங்கினான். கடனாக வாங்கிய விதையையும் திருப்பினான். அப்போதும் பெரியப்பா விடவில்லை. எண்ணெய் உன்னுடையது, ஆனால் உன் ராத்திரி என்னுடையது என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அதனால் ராத்திரி கயிறு திரித்து, பாய் பின்னி முடித்து, வீடு தூங்கிய பிறகுதான் படிப்பு.

நடவு முடிந்த வயல்களில் மிஞ்சி வீசிக் கிடந்த நாற்றைப் பொறுக்கி, வெள்ளம் வந்து தேங்கிப் பாழாய்க் கிடந்த குழியில் நட்டான். அறுப்பில் ஒரு மூட்டை நெல் கிடைத்தது. பாழ்நிலத்தைத் திருத்தினால் சில வருஷத்துக்கு வரி கிடையாது என்பது அந்தக் காலத்து விதி. அதை அவன் கவனித்து வைத்துக்கொண்டான். சின்னது சேர்ந்துதான் பெரிசு ஆகும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு அந்த ஒரு மூட்டைதான் முதல் பாடம்.

1806-இல் இடிந்து கிடந்த சொந்த வீட்டுக்குத் திரும்பினார். கூலி வேலை, விறகு விற்பனை, பாழ்நில விவசாயம் என்று ஒவ்வொரு காசாகச் சேர்த்து, அடகில் போன நிலத்தை மீட்டார். மறு வருஷமே கடைசித் தம்பி தோமிஜிரோ இறந்துபோனான். எந்தக் குழந்தைக்காக விறகு வெட்டினாரோ அந்தக் குழந்தை வீடு எழும்பியதை முழுசாகப் பார்க்கவில்லை. 1810 வாக்கில் கின்ஜிரோ ஊரில் சொல்லிக்கொள்கிற அளவு நிலம் உள்ளவர் ஆகிவிட்டார்.

சிலையின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உழைத்தான், சேமித்தான், உயர்ந்தான், சுபம்! ஆனால் மனுஷருக்கு இன்னும் நாற்பத்தாறு வருஷ ஆயுள் பாக்கி இருந்தது.

அடுப்படியில் பிறந்த கடன் சங்கம்

ஒடவாரா பிரபுவின் பெரிய அதிகாரி ஹட்டோரி. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக 1812-இல் கின்ஜிரோ வேலைக்குச் சேர்ந்தார். பெரிய இடம். ஆனால் ஆயிரம் ரியோவுக்கு மேல் கடன்! 1818-இல் ஹட்டோரியே இவரைக் கூப்பிட்டு வீட்டுக் கணக்கை ஒப்படைத்தார். இவர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? ஐந்து வருஷம் எஜமான் உட்பட எல்லாரும் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், சாப்பாடு சோறும் சூப்பும்தான். வேலைக்காரர்களின் வாயைக் கட்டுவதற்கு முன்னால் எஜமானின் கையைக் கட்டினார்.

அந்த வீட்டுச் சமையல்காரப் பெண்ணைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவளுக்குப் பணமுடை, கின்ஜிரோவிடம் கடன் கேட்டாள். எப்படித் திருப்புவாய் என்று கேட்டார், தெரியவில்லை என்றாள். ஐந்து விறகு எரிக்கிற இடத்தில் மூன்று விறகில் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பானை அடியில் பிடித்த கரியைச் சுரண்டி, அடுப்புத் தீ பானையின் நடுவில் படுகிற மாதிரி வைத்தால் போதும். மிஞ்சிய விறகுக்கு அவரே காசு கொடுத்தார். அதில் அவள் கடன் அடைந்தது. கரி படிந்தால் வெப்பம் கடத்துவது குறையும் என்று நாம் தெர்மலில் படிக்கிறோம். அதை அவர் ஒரு ஏழைப் பெண்ணின் தவணையாக மாற்றியிருக்கிறார்!

இதிலிருந்து வளர்ந்ததுதான் கோஜோகோ என்ற கடன் சங்கம். நம்மூர் சீட்டு மாதிரி ஜப்பானில் முஜின் என்று முன்பிருந்தே உண்டு. எல்லாரும் பணம் போட்டு முறை வைத்து எடுப்பது. ஆனால் அதில் கையில் காசு உள்ளவன்தானே சேர முடியும்? கின்ஜிரோ வேறு மாதிரி யோசித்தார். 1820-இல் ஒடவாராவின் சின்னச் சம்பளக்காரச் சாமுராய்களுக்கும் இதை ஆரம்பித்தார். பொது நிதியிலிருந்து சின்னத் தொகை, குறுகிய காலம், வட்டி கிடையாது, அடமானமும் கிடையாது. அப்புறம் எதை நம்பிக் கொடுப்பது? ஐந்து குணங்களை நம்பி. மிச்சம் உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது அன்பு. சொன்ன நாளில் திருப்புவது நேர்மை. திருப்பிய பிறகும் நன்றியோடு நடப்பது மரியாதை. எப்படிச் சம்பாதித்துத் திருப்பலாம் என்று யோசிப்பது அறிவு. வாக்குத் தவறாதது நம்பிக்கை. ஒருவர் தவறினால் சங்கத்தில் உள்ளவர்கள் அதைப் பங்கு போட்டு ஏற்க வேண்டும். உலகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் இதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அதே 1820-இல் இன்னொரு காரியம் செய்தார். வரி நெல் அளக்கிற மரக்கால் ஆளுக்கு ஒரு அளவாக இருந்தது. பெரிய மரக்காலால் அளந்து உழவரிடம் கூடுதலாகப் பிடுங்கினார்கள். கின்ஜிரோ பிரபுவிடம் எடுத்துச் சொல்லி, ஒரே அளவு மரக்காலைக் கொண்டு வர வைத்தார். வெர்னியரில் ஒரு கோடு தப்பினால் திட்டு வாங்குகிற நமக்கு இதன் அருமை தெரியும். அளவு கருவி தப்பாக இருந்தால், எவ்வளவு சிக்கனமாக இருந்தும் என்ன பயன்?

ஊரைத் திருத்தப் போனவரின் வீடு மட்டும் அப்போது சரியாக இல்லை. 1817-இல் கினோ என்ற பெண்ணை மணந்திருந்தார். 1819-இல் பிறந்த குழந்தை சில நாளிலேயே இறந்தது. புருஷன் எப்போதும் ஹட்டோரி வீட்டிலேயே கிடக்கிறார் என்று கினோ அதே வருஷம் பிரிந்து போய்விட்டாள். அடுத்த வருஷம் இரண்டாவது கல்யாணம். அந்த அம்மாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒருவர் பெரிய ஆள் ஆவதற்கு வீட்டில் இருக்கிறவர்கள் கொடுக்கிற விலை எந்தச் சிலையிலும் தெரிவதில்லை.

வரம்பு முதலில் யாருக்கு?

ஒடவாரா பிரபு ஓகுபோ தடசானே இவர் திறமையைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஆனால் ஓர் உழவன் சாமுராய்களுக்கு உத்தரவு போடுவதா என்று அதிகாரிகள் முறைத்தார்கள். அதனால் பிரபு தம் சொந்தக்காரரான உட்சு குடும்பத்தின் சகுராமாச்சி என்ற பகுதியைத் திருத்தும் வேலையைக் கொடுத்தார். இன்றைய தோச்சிகி மாநிலத்தில் மூன்று கிராமங்கள். ஏட்டில் 4,000 கோகு விளைச்சல் தரும் பூமி. வரியாக உண்மையில் வந்ததோ சுமார் ஆயிரம் மூட்டைதான். மக்கள் ஓடிப்போய் 156 வீடுகளே மிஞ்சியிருந்தன. காடு வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

கின்ஜிரோ பலமுறை மறுத்தார். பிறகு நேரில் போய் வீடு வீடாகப் பார்த்தார். பழைய வரிக் கணக்குகளைப் புரட்டினார். பிறகு பிரபுவிடம் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, இந்த ஊருக்குத் தானமாகப் பணம் கொடுக்காதீர்கள். முன்பு கொடுத்ததெல்லாம் சண்டைக்கும் சோம்பலுக்கும்தான் உதவியது. இரண்டாவது, உண்மையில் வருகிற சுமார் ஆயிரம் மூட்டைதான் உட்சு குடும்பத்தின் வருமானம். பத்து வருஷத்துக்கு அதற்கு மேல் ஒரு மூட்டை கேட்கக்கூடாது. அதற்கு மேல் விளைவதெல்லாம் ஊரைத் திருத்தவே.

நண்பர்களே, நான் எரிச்சலோடு தேடிய கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. சிக்கனத்தின் முதல் கோடு ஏழையின் தட்டில் போடப்படவில்லை. வரி வாங்குகிறவரின் தட்டில் போடப்பட்டது! உழவன் கூடுதலாக உழைத்தால் அந்த விளைச்சலை மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றால் எவன் உழைப்பான்? எவன் சேமிப்பான்? கின்ஜிரோவுக்கு அது தெரியும். ஏனென்றால் அவரே அந்த உழவன்.

1823-இல் கயாமாவில் இருந்த வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு மனைவி, குழந்தையோடு சகுராமாச்சிக்குக் குடி போனார். எந்த வீட்டை எழுப்ப இத்தனை வருஷம் பாடுபட்டாரோ அந்த வீட்டையே விற்றார். அந்தக் காசுதான் அந்த ஊரின் கடன் நிதிக்கு முதல்.

அந்தக் கடன் எப்படி வேலை செய்தது என்று கணக்காகவே சொல்கிறேன். பத்து ரியோ கடன். வருஷம் இரண்டு ரியோ வீதம் ஐந்து வருஷத்தில் அடைத்துவிடலாம், வட்டி இல்லை. ஆறாவது வருஷம் மட்டும் நன்றியாக இன்னும் ஒரு இரண்டு ரியோ. அவ்வளவுதான். இதையே நூற்றுக்கு இருபது வட்டிக்கு வாங்கியிருந்தால்? வருஷம் கட்டுகிற இரண்டு ரியோ வட்டிக்கே சரியாகப் போய்விடும். ஐந்து வருஷம் கழித்தும் பத்து ரியோ அப்படியே நிற்கும். எங்கள் வீட்டுத் தண்டல் கணக்கை இதற்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அம்மா சிக்கனம் இல்லாதவள் இல்லை. வாங்குகிற கடன்தான் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. கடைசியில் தருகிற அந்த நன்றித் தவணை நிதியில் சேர்ந்து அடுத்த வீட்டுக்குக் கடனாகப் போகும். தூக்கிவிடப்பட்டவன் அடுத்தவனுக்குக் கை கொடுக்கிறான்.

யாருக்குக் கடன், யாருக்குப் பரிசு என்பதை அவரே தீர்மானிக்கவில்லை. ஊர் மக்களே சீட்டு எழுதிப் போட்டு நல்ல உழைப்பாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தடவை, மேற்பார்வை பார்க்கும்போது மட்டும் விழுந்து விழுந்து வேலை செய்தவனை எல்லார் முன்னாலும் கண்டித்தார். அதே இடத்தில் அறுபது வயசுக் கூலிக் கிழவர் ஒருவர் மரவேர்களை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தார். வேகமும் இல்லை, பேரும் இல்லை. மற்றவர்கள் சுலபமான இடத்தைக் கொத்திக்கொண்டு போக, இவர் வேரோடு மல்லுக்கட்டினார். கின்ஜிரோ அவர் கையில் பதினைந்து ரியோ கொடுத்தார். கிழவர் நம்பவே இல்லையாம்.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. மேலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கட்டை போட்டார். ஊரிலும் ஒரு கூட்டம் மேலே புகார் அனுப்பியது. 1829-இல் கின்ஜிரோ திடீரென்று காணாமல் போனார். இன்றைக்குப் பெரிய விமான நிலையம் இருக்கிற நரிதாவில் உள்ள கோவிலில் இருபத்தொரு நாள் உபவாசம் கிடந்தார். அவர் இல்லாதபோதுதான் ஊருக்கு அவர் அருமை தெரிந்தது. மக்களே அவரை மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அதிகாரியும் திருப்பி அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகு வேலை ஓடியது. பத்து வருஷக் கெடு முடிந்த 1831-இல் விளைச்சலும் நிதியும் கண்கூடாக ஏறியிருந்தன. 1837-இல் வேலை முடிந்து ஒப்படைத்தபோது உட்சு குடும்பத்துக்கு 2,000 மூட்டை வரம்பு வைக்க முடிந்தது. பொறுத்திருந்த மேலிடத்துக்கும் இரண்டு மடங்கு!

கத்திரிக்காய் சொன்ன பஞ்சம்

1833 கோடை தொடக்கத்தில் சாப்பிட்ட கத்திரிக்காய் குளிர்காலம் நெருங்கும்போது காய்க்கிற காய் மாதிரி ருசித்ததாம். மண்ணுக்குள் சூடில்லை, இந்த வருஷம் நெல் பொய்க்கும் என்று கணித்தார். ஒவ்வொரு வீடும் ஒரு துண்டு நிலத்தில் குதிரைவாலி இனச் சிறுதானியம் விதைக்க வேண்டும், அதற்கு வரி இல்லை என்று அறிவித்தார். கத்திரிக்காய் தின்று பஞ்சம் சொல்கிறாரே என்று சிரித்தவர்களும் விதைத்தார்கள். அந்த வருஷம் தொடங்கி, நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன தென்போ பஞ்சம் பல வருஷம் நீடித்தது. சகுராமாச்சியில் பட்டினிச் சாவு இல்லை. குதிரைவாலி வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். சேமிப்பு என்றால் காசு மட்டும் இல்லை என்று தெரிகிறதல்லவா?

1837-இல் சொந்த ஊர் ஒடவாராவே பட்டினியில் கிடந்தது. சாகக் கிடந்த தடசானே பிரபு, கின்ஜிரோவை அனுப்பினார். களஞ்சியத்தைத் திறக்க எழுத்து உத்தரவு இல்லையே என்று அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். அப்படியானால் முடிவு எடுக்கும்வரை நீங்களும் சாப்பிடாமல் உட்காருங்கள், நானும் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார் கின்ஜிரோ. களஞ்சியம் உடனே திறந்தது! நாற்பதாயிரம் பேருக்கு உணவு போய்ச் சேர்ந்தது. நெல்லையும் பணத்தையும் தவணையில் திருப்பும் வட்டியில்லாக் கடனாகவே கொடுத்தார்.

பிரபு அந்த வருஷமே இறந்துபோனார். 1842-இல் ஷோகன் அரசே கின்ஜிரோவை வேலைக்கு எடுத்தது. சோன்டோக்கு என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. நிக்கோ பகுதிக் கிராமங்களுக்குத் திட்டம் எழுதச் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதினார். அமல்படுத்த உத்தரவு வந்ததோ 1853-இல்தான். இதற்கிடையில், 1846-இல் ஒடவாரா அதிகாரிகள் அவர் முறையையே ஊரில் நிறுத்திவிட்டார்கள். வரம்பை ஏற்றுக்கொள்கிற பிரபு போனதும் வரம்பும் போனது. 1853-லேயே மகள் ஃபுமி பிரசவத்தில் இறந்தாள். உடம்பு தளர்ந்தும் ஊர் ஊராக நடந்தார். 1856-இல் நிக்கோ அருகே இமாய்ச்சியில் காலமானார். கல்லறைக்குக் கல் வேண்டாம், மண்ணைக் குவித்து ஒரு மரம் நட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டாராம்.

சிலையில் இல்லாத பாதி

அவருக்குப் பிறகு சீடர்கள் ஹோட்டோக்கு சங்கங்களை ஊர் ஊராக ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்த ஒகாடா ரியோயிச்சிரோ 1892-இல் ககேகாவா என்ற ஊரில் கடன் சங்கம் தொடங்கினார். அது பின்னால் வங்கியாகி, 2019-இல் பக்கத்து ஊர் வங்கியோடு இணைந்து தொடர்கிறது. 1900-இல் ஜப்பானில் கூட்டுறவுச் சட்டமே வந்தது.

அரசாங்கம் அவரைப் பள்ளிப் பாடத்திலும் வைத்தது. ஆனால் எந்த நினோமியாவை? விறகு சுமந்து, வாய் பேசாமல் உழைத்த பையனை மட்டும். பிரபுவுக்கு வரம்பு போட்டவரை, மரக்காலைத் திருத்தியவரை, அதிகாரிகளைப் பட்டினி உட்காரச் சொன்னவரை அவ்வளவாகக் காட்டவில்லை. சண்டைக் காலத்தில் பள்ளிகளில் இருந்த வெண்கலச் சிலைகளைக் கூட உலோகத்துக்காக உருக்க எடுத்துப் போனார்கள். போர் முடிந்த மறு வருஷம், 1946-இல், ஒரு யென் நோட்டில் அவர் படம் வந்தது. அதில் இருந்தது பையன் அல்ல, பெரியவர். இந்தக் காலத்தில் நடந்துகொண்டே படிப்பது ஆபத்து என்று சில பள்ளிகளில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி சிலை வைத்திருக்கிறார்களாம்!

முடிக்குமுன் நம் வகுப்பு விஷயம் ஒன்று. போன செமஸ்டரில் நம்மோடு படித்த ஒருவன் தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாளுக்குள் கட்ட முடியாமல் எல்லாப் பேப்பரையும் விட்டான். சில நூறு ரூபாய்தான். கேட்க வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவன் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தேன். அந்த வெட்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு இருபது ரூபாய் போட ஆரம்பித்தோம். வட்டி இல்லை. ஐந்து மாதத் தவணை. ஆறாவது மாதம் நன்றியாக ஒரு தவணை, அடுத்தவனுக்காக. இதுவரை மூன்று பேர் வாங்கினார்கள். இரண்டு பேர் சரியாகக் கட்டுகிறார்கள். ஒருவனால் முடியவில்லை, அந்தப் பாக்கியை மற்ற ஏழு பேரும் பிரித்து ஏற்றுக்கொண்டோம். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. மற்ற வகுப்பு நண்பர்கள் சேர விரும்பினால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுக்கு வாருங்கள்.

வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை கிடைத்ததும் முதலில் தண்டலை முடிக்கணும். அப்புறம் அக்காவுக்கு. அவள் எனக்குக் கட்டிய ஃபீஸை எண்ணிக் கொடுத்துவிடலாம். நன்றித் தவணை ஒன்று மேலே இருக்கிறதே! ப்ளஸ் டூ பிரைவேட்டாக எழுதுகிறாயா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். இனிமேலா என்று சிரித்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.



- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்